அமராவதிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் விஜயலட்சுமி அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு சகாயமேரி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"விஜி, அடுப்ப அணைச்சிட்டு வா. ஃபாதர் உன்னக் கூப்பிடறாரு."

"என்னையா? எதுக்குடி?"

"அன்னிக்கு நடந்தத உன் வாயாலயே கேக்கணுமாம்."

எண்ணெயில் முக்கிய அச்சை வெளியே எடுக்க மறந்து விஜயலட்சுமி அப்படியே நின்றாள். முறுக்கு ஒன்று கருகியது.

அன்னிக்கு என்றால் எந்த நாள் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். போன வருஷம் நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறிய நாள்.

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய தெரு அது. ஒரே சுவரின் இந்தப் பக்கம் விஜயலட்சுமி வீடு, அந்தப் பக்கம் சகாயமேரி வீடு. இரண்டு பேரும் உப்பளத்தில் ஒரே கூட்டத்தில் உப்புக் கூடை சுமக்கிறவர்கள். மழைக்காலம் வந்தால் பாத்திகள் மூழ்கிவிடும், தை பிறக்கும் வரை வேலை கிடையாது. விஜயலட்சுமியின் கணவன் கலையரசன் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். சகாயமேரியின் கணவன் ஆரோக்கியராஜ் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். பொங்கல் பானையில் அந்த வீட்டு அரிசியும் ஒரு கை விழும். கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு இந்த வீட்டு பிளக்கிலிருந்து வயர் போகும். யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

புயல் அன்று காலையிலேயே தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு மாதம் தாண்டிய வயிற்றோடு தனியாக இருந்த சகாயமேரியை விஜயலட்சுமி தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அந்த வீட்டுத் தரை கொஞ்சம் உயரம். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் விஜயலட்சுமியின் மாமியார் அமராவதி அசையவில்லை.

"ஆட்ட உட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். நீங்க போங்க."

"மனுசிய விட ஆடு பெருசா உங்களுக்கு?" என்று கத்தினாள் விஜயலட்சுமி.

"ஆமாண்டி, பெருசுதான்."

அந்தச் சண்டையில் நேரம் போனது. ஆடு வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் முழங்காலைத் தாண்டி ஏறியது. அதன் பிறகு யாரும் எங்கும் போக முடியவில்லை.

மத்தியானம் சாய்ந்தபோது சகாயமேரிக்கு வலி எடுத்தது. டாக்டர் கொடுத்திருந்த தேதிக்கு இன்னும் எத்தனையோ வாரம் இருந்தது. கலையரசன் நூற்றெட்டுக்குப் போன் போட்டான். ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது, முடிந்தவரை வரப் பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த முறை போட்டபோது டவரே இல்லை. வண்டி நனைந்துவிடக் கூடாதென்று அவன் குட்டியானையை மேட்டு ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான். "ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வர்றேன், கட்டிலோட தூக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கி ஓடினான்.

அவன் திரும்பி வரும்வரை குழந்தை காத்திருக்கவில்லை.

ஓட்டின்மேல் காற்று உருண்டது. எமர்ஜென்சி லைட்டை அமராவதி பிடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஆடு நடுங்கிக்கொண்டு நின்றது. விஜயலட்சுமி ஹாஸ்டலில் படிக்கும் ஒரே பிள்ளையைப் பெற்றவள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம். பயத்தை வெளியே காட்டாமல் சகாயமேரியின் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, "தள்ளுடி, இன்னும் கொஞ்சம்தாண்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குழந்தை வந்தது. விஜயலட்சுமியின் இரண்டு கையிலும் சேர்த்து ஒரு அணில் பாரம்தான் இருந்தது. பெண் குழந்தை. நீலம் பாய்ந்திருந்தது. அழவில்லை.

வாயைத் துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலில் சுண்டினாள். அமராவதி லைட்டைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"போயிடுச்சிம்மா" என்றாள் மெதுவாக.

அது சகாயமேரியின் காதில் விழுந்துவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"விஜி, நெஞ்சுல கை வச்சிப் பாரு. துடிக்குதா?"

விஜயலட்சுமி இரண்டு விரலை வைத்தாள். ஏதோ இருந்தது. தன் விரலின் நாடியா குழந்தையுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இருக்குதுன்னுதான் நெனைக்கறேன்."

"அப்ப தண்ணி ஊத்து. ஞானஸ்நானம் குடு. என் புள்ள பேரில்லாம போவக் கூடாது."

"ஏய், நான் உங்க ஆளு இல்லியேடி! நான் எப்படி குடுக்கறது?"

"உசுரு போற நேரத்துல யாரு வேணா குடுக்கலாம். சின்ன வயசுல சிஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்குக் கை தூக்க முடியல. நான் சொல்லச் சொல்ல நீ சொல்லு. ஊத்துடி, விஜி. உன் கால்ல விழறேன்."

விஜயலட்சுமி குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டாள். குழந்தையை இடது கையில் ஏந்திக்கொண்டாள். அவசரத்தில் முதல் தண்ணீர் தரையில் சிந்தியது. திரும்ப மொண்டாள்.

"முதல்ல பேர் சொல்லிக் கூப்பிடு" என்றாள் சகாயமேரி.

"என்ன பேரு?"

சகாயமேரியின் தலை துவண்டது. கண் சொருகிக்கொண்டு போனது. பேர் யோசிக்க நேரமில்லை. விஜயலட்சுமியின் வாயில் வந்தது ஒரே பேர்தான். காலையிலிருந்து மனதுக்குள் வைது வைது நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த பேர்.

"அமராவதி" என்றாள்.

லைட் பிடித்துக்கொண்டிருந்த மாமியார், "என்னாடி?" என்றாள்.

சகாயமேரி கண்ணைத் திறக்காமலே ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தாள். விஜயலட்சுமி திருப்பிச் சொன்னாள். "அமராவதி, பிதா... சுதன்... பரிசுத்த ஆவியின் பெயராலே... உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒவ்வொரு பேருக்கும் ஒரு முறை தண்ணீர் ஊற்றினாள். காதுக்குள் போய்விடாமல் கட்டை விரலால் தடுத்துக்கொண்டாள்.

இடி இடிக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை. மழை அதே மாதிரிதான் பெய்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையின் வாய் ஒரு மீனின் வாய் போலத் திறந்து மூடியது. அப்புறம் இன்னொரு முறை. அமராவதி லைட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தொப்புள்கொடியை அறுக்கப் பயந்து நூலால் கட்டி மட்டும் வைத்தார்கள். கலையரசன் ஆட்களோடு வந்ததும் சகாயமேரியைக் கட்டிலோடு தூக்கி, குட்டியானையில் தார்ப்பாயின் கீழே படுக்க வைத்தார்கள். குழந்தை குளிர்ந்துகொண்டே வந்தது. விஜயலட்சுமி ரவிக்கையை அவிழ்த்து, குழந்தையை மாரோடு வைத்து, மேலே புடவையைச் சுற்றிக்கொண்டு சகாயமேரியை ஒட்டிப் படுத்துக்கொண்டாள்.

கீழ்புத்துப்பட்டு தாண்டி ஒரு பெரிய மரம் ரோட்டின் குறுக்கே விழுந்திருந்தது. கோட்டக்குப்பத்துப் பையன்கள் மழையிலேயே மெஷின் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்த ஒருவன், "அல்லா!" என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். இருபது கை சேர்ந்து கிளையை இழுத்தது. யாரோ ஒருவர் தன் வீட்டிலிருந்து கம்பளி கொண்டுவந்து வண்டிக்குள் எறிந்தார். அவர் முகத்தைக்கூட விஜயலட்சுமி பார்க்கவில்லை. அவள் கவனமெல்லாம் தன் மார்பின்மேல் இருந்தது. அங்கே ஒரு சின்ன இதயம், சிட்டுக்குருவியைக் கைக்குள் பிடித்தால் படபடக்குமே, அப்படி அடித்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக் கூடாதென்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரும்வரை அவள் மூச்சைக்கூட அடக்கி அடக்கித்தான் விட்டாள்.

போன கிறிஸ்துமஸ் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் போனது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த குழந்தையை இரண்டு பேரும் வெளியே நின்று பார்த்தார்கள். ஒரு நர்ஸ் கேக் துண்டு கொடுத்தாள். சகாயமேரி அதைப் பிட்டு விஜயலட்சுமியின் வாயில் வைத்தாள். இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது.

குழந்தை பிழைத்தது. வீட்டுக்கு வந்தது. இளைத்த உடம்புதான், ஆனால் கண் இரண்டும் விளக்கு மாதிரி இருந்தது. தன் பேரை வைத்த நாளிலிருந்து மாமியார் அமராவதி மருமகளோடு சண்டை போடுவதைக் குறைத்துக்கொண்டாள். ஆட்டுப்பால் முழுக்க அந்த வீட்டுக்குத்தான் போனது.

கோயிலில் செய்ய வேண்டிய மீதிச் சடங்குகள் பாக்கி இருந்தன. எண்ணெய் பூச வேண்டும், வெள்ளைத் துணி போட வேண்டும், மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். அப்பா லீவில் வரட்டும் என்று வைத்திருந்தார்கள். இந்த டிசம்பரில் ஆரோக்கியராஜ் வந்தான். போனில் மட்டுமே பார்த்த மகளை முதன்முதலாகக் கையில் வாங்கினான். குழந்தை வீறிட்டு அழுது விஜயலட்சுமியின் தோளுக்குத் தாவியது. அவன் கோபப்படவில்லை. விஜயலட்சுமியின் முன்னால் வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அண்ணி" என்பதற்கு மேல் வரவில்லை. குவைத்திலிருந்து கொண்டுவந்த பெரிய போர்வையை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

நேற்று பொம்மையார்பாளையத்திலிருந்து சகாயமேரியின் அண்ணன் சவரிமுத்துவும் அவர் மனைவி வினோதினியும் வந்தார்கள். சபைப்படி ஞானத்தகப்பனும் ஞானத்தாயும் அவர்கள்தான். சவரிமுத்து நல்ல மனிதர், கோயில் விஷயத்தில் மட்டும் ரொம்ப கறார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"மனசுல ஒன்னு வச்சிக்காதம்மா விஜயலட்சுமி. நீ பண்ணது பெரிய காரியம். ஆனா ஒரு இந்துப் பொம்பள ஊத்துன தண்ணி எங்க சபையில செல்லுமான்னு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்குது. ஃபாதரை முறைப்படி திரும்ப ஊத்தச் சொல்லிட்டா நிம்மதி."

சகாயமேரி வெடுக்கென்று எழுந்தாள். "அதெல்லாம் வேணாண்ணே. என் புள்ளைக்கு அன்னிக்கே ஆயிடுச்சி."

"அவரு சொல்றதும் சரிதானேடி" என்றாள் விஜயலட்சுமி. அவளுக்கே அந்தச் சந்தேகம் ஒரு வருஷமாக இருந்தது. தெரியாத பாஷையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவள் மாதிரி, என்ன செய்தோம் என்று அவளுக்குப் புரிந்ததே இல்லை.

அதனால்தான் இப்போது ஃபாதர் கூப்பிட்டிருக்கிறார்.

கோயில் வாசலில் பையன்கள் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபாதர் இந்த ஊர்க் கோயில் பங்குக்கு ஜூனில்தான் மாறி வந்தவர். பக்கவாட்டு வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். விஜயலட்சுமி உட்காரவில்லை. சவரிமுத்து தூணோரம் கை கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் ஆரோக்கியராஜ். சகாயமேரி குழந்தையோடு விஜயலட்சுமியை ஒட்டி நின்றாள்.

"பயப்படாதீங்க. கேக்கறது எங்க கடமை. என்ன தண்ணிம்மா அது?"

"மழைத் தண்ணி சாமி. அன்னிக்குக் குழாய் வரல. கூரையில வழிஞ்சத குடத்துல புடிச்சி வச்சிருந்தேன்."

"தலையில ஊத்துனீங்களா, தொட்டு வச்சீங்களா?"

"ஊத்துனேங்க. ஓடுச்சு. காதுல போவாம கையால தடுத்தேன்."

"என்ன சொன்னீங்க?"

விஜயலட்சுமி குழந்தையைப் பார்த்தாள். தப்பாகச் சொல்லியிருந்தால்? கண்ணை மூடிக்கொண்டாள். மழைச் சத்தம் கேட்டது, ஆட்டின் வாடை அடித்தது, சகாயமேரியின் வெளுத்த உதடு அசைந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை.

குடில் கட்டிக்கொண்டிருந்த பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கடைசியா ஒன்னு கேக்கறேன்" என்றார் ஃபாதர். "ஊத்தும்போது மனசுல என்ன இருந்துச்சு? எந்தச் சாமிய நெனச்சீங்க?"

"எந்தச் சாமியும் ஞாபகம் வரலீங்க" என்றாள் விஜயலட்சுமி. பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. "இவ என்ன நெனச்சிக் கேட்டாளோ, அது நடக்கணும்னு நெனச்சேன். அது என்னான்னு எனக்குத் தெரியாது. இவளுக்குத் தெரியும், உங்க கோயிலுக்குத் தெரியும். அதுவேதான் நடக்கணும், வேற எதுவும் நடந்துடக் கூடாதுன்னு நெனச்சி ஊத்துனேன்."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போதும்மா. இதுதான் வேணும். இதுக்கு மேல எதுவும் வேணாம்."

"அப்ப திரும்ப ஊத்த வேணாமா ஃபாதர்?" என்று கேட்டார் சவரிமுத்து.

"ஊத்தக் கூடாதுண்ணே. ஒரு தடவதான். ஆனது ஆனதுதான். அத நான் நெனச்சாலும் அழிக்க முடியாது. பிஷப் நெனச்சாலும் முடியாது. ரோமாபுரியில இருக்கற போப் ஆண்டவர் நெனச்சாலும் முடியாது."

விஜயலட்சுமி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானே வேணாம்னு சொன்னாக்கூடவா?"

"நீங்க சொன்னாக்கூட."

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். உப்பு தின்று வெடித்த விரல்கள். காலையில் சாணி தட்டிய, மாவு பிசைந்த, மாமியாரின் கால் பிடித்துவிட்ட கைகள். இந்தக் கை செய்ததை யாராலும் அழிக்க முடியாதாம். குழந்தை எட்டி அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. அதன் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஏனோ கூச்சமாக இருந்தது, புதிதாக ஒருவரைப் பார்ப்பது போல.

வீட்டுக்கு வந்து கலையரசனிடம் சொன்னாள். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"போப் ஆண்டவராலயே முடியாதா? அப்ப இனிமே உன் கிட்ட பாத்துதான் பேசணும்."

"சும்மா இருங்க. எனக்குக் கை காலெல்லாம் உதறுது, உங்களுக்கு விளையாட்டு."

அவன் துணியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "எனக்கும் அன்னிக்கு வண்டி ஓட்டும்போது உதறிச்சி. உன் கிட்ட சொல்லல" என்றான்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்தே போனது. மாமியார் அமராவதி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பின்வரிசையில் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். கோயில் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். புதுத்துணி வாசனை, சாம்பிராணி, பூ. பூசையின் நடுவில் ஃபாதர் குழந்தையை முன்னால் கொண்டுவரச் சொன்னார். பெற்றோர்கள் நின்றார்கள், சவரிமுத்துவும் வினோதினியும் நின்றார்கள். விஜயலட்சுமி கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டிருந்தாள். சகாயமேரி திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"இந்தக் குழந்தை புயல் அன்றைக்கே திருமுழுக்குப் பெற்றுவிட்டது" என்று ஃபாதர் மைக்கில் சொன்னார். "கொடுத்தவர் இதோ நிற்கிறார். நான் இன்றைக்கு மிச்சத்தை மட்டும்தான் செய்கிறேன்." பிறகு குழந்தையின் பக்கம் குனிந்து, உரக்கக் கூப்பிட்டார். "அமராவதி!"

"இருக்கேன் சாமி!" என்று பின்வரிசையிலிருந்து மாமியார் எழுந்து நின்றாள்.

கோயிலே சிரித்தது. ஃபாதரும் சிரித்துவிட்டார். அமராவதி மட்டும் சிரிக்கவில்லை. கைகளைக் கூப்பியபடி, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்ற முகத்தோடு சடங்கு முடியும்வரை நின்றுகொண்டே இருந்தாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

எண்ணெய் பூசினார்கள். வினோதினி வெள்ளைத் துணியைப் போர்த்தினாள். அடுத்தது மெழுகுவர்த்தி. பீடத்தின் பக்கத்தில் எரியும் பெரிய பாஸ்கா மெழுகுதிரியிலிருந்து அதை ஏற்றிக் கொடுப்பது ஞானத்தகப்பனின் வேலை. சவரிமுத்து மெழுகுவர்த்தியை வாங்கிக்கொண்டார். இரண்டு அடி நடந்தவர் நின்றார். திரும்பி வந்து அதை விஜயலட்சுமியிடம் நீட்டினார்.

"நீ ஏத்தும்மா."

"ஐயோ, அண்ணே, நீங்கதான்..."

"நான் கூட நிக்கறேன். நீ ஏத்து."

விஜயலட்சுமி ஃபாதரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் மெழுகுவர்த்தியைத் திரியில் காட்ட, சவரிமுத்து அவள் கை ஆடாமல் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். சுடர் பிடித்தது. ஆரோக்கியராஜ் எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான். குழந்தை அவனை வியப்போடு பார்த்தது. பிறகு கையை நீட்டி அவன் மூக்கைத் தொட்டது. அதுவாக அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து வெளியே வந்தால் வேறு மாதிரி ஆகிவிட்டது. தெருக்கோடி சாலம்மாள் விஜயலட்சுமியின் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு இன்னொருத்தி வந்தாள். யாரோ தன் கைப்பிள்ளையைக் கொண்டுவந்து, "தலையில கை வையி" என்றாள். விஜயலட்சுமி செய்வதறியாமல் தொட்டுவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போய் நின்றாள். சகாயமேரி தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி ஓடி வந்துட்ட?"

"பயமா இருக்குதுடி."

"என்னாத்துக்கு?"

"நான் டம்ளர்ல தண்ணிதான் ஊத்துனேன். அது எங்க போயி நிக்குது பாரு."

சகாயமேரி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்குது விஜி. ராத்திரியில இவ மூச்சு உடறத கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். இந்த மூச்சு வராமயே போயிருக்கலாம். வந்திருக்குது. எதுக்கு வந்துச்சுன்னு நெனச்சா நெஞ்சு அடைச்சிக்கும். யார் கிட்டயும் சொன்னதில்ல."

"நான் மட்டுந்தான் இப்படி இருக்கேன்னு நெனச்சேன்."

"நீ தனியா இருந்தது எப்போ?" என்றாள் சகாயமேரி.

மத்தியானச் சாப்பாடு விஜயலட்சுமி வீட்டில். கலையரசனும் ஆரோக்கியராஜும் சேர்ந்து வாசலில் அடுப்பு மூட்டிப் பிரியாணி செய்தார்கள். உப்பு போட்டாயா, நான் போட்டேன், நீயும் போட்டாயா என்று இரண்டு பேரும் சண்டை போட்டதில் அது கொஞ்சம் கரித்தது. யாரும் குறை சொல்லவில்லை. தெருவில் எல்லா வீட்டுக்கும் முறுக்கும் கேக்கும் போனது. ஞானத்தாய் வினோதினி வெள்ளிக் கொலுசு கொண்டுவந்திருந்தாள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் குழந்தை காலை உதறி உதறிப் பார்த்தது.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் குட்டியானையில் ஏறி உப்பளத்துப் பக்கம் போனார்கள். ஆரோக்கியராஜுக்கு மூழ்கிய பாத்திகளைப் பார்க்க வேண்டுமாம். குவைத்தில் கனவில் வருமாம். மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வரப்பெல்லாம் தண்ணீருக்கடியில் போய், உப்பளம் முழுவதும் ஒரே வெள்ளமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. காற்று இல்லை. வானத்தின் சிவப்பு மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் கோடு எங்கே என்று தெரியவில்லை. அந்தச் சிவப்பில் தூரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு நீண்ட கரை தெரிந்தது.

"அது என்னா மேடு? புதுசா இருக்குது?" என்றார் சவரிமுத்து.

"மேடு இல்லண்ணே, பறவைங்க. பூநாரை" என்றான் கலையரசன். "இந்த வருசம் ஏகப்பட்டது வந்திருக்குது."

விஜயலட்சுமி குழந்தையைக் கரையில் இறக்கி, விரலைப் பிடித்துக்கொள்ள விட்டாள். கொலுசுக் காலால் அது ஈர மண்ணை மிதித்துப் பார்த்தது. அப்போது என்ன பயந்ததோ, பறவைக் கூட்டம் மொத்தமாக எழுந்தது. முதலில் ஒரு ஓரம் கிளம்பியது. பிறகு அந்தக் கரை முழுவதும் தண்ணீரிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே போனது. இறக்கைகளின் அடிப்பக்கம் நெருப்பாகச் சிவந்திருந்தது. அவ்வளவும் தண்ணீருக்குள்ளும் பறந்தது. சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்து சேர்ந்தது, தூரத்தில் ஒரு பெரும் கூட்டம் கை தட்டுவது போல.

குழந்தை அழவில்லை. வாயைத் திறந்தபடி தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. சாய்ந்து சாய்ந்து விழப்போனதை விஜயலட்சுமியின் கால் தாங்கிக்கொண்டது. அவள் வானத்தைப் பார்க்கவில்லை, குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன நெஞ்சு மேலும் கீழும் போய்வந்தது. இந்தக் கண் இதைப் பார்க்கிறது என்று நினைத்தாள்.

மாமியார் அமராவதி வண்டியிலிருந்தபடியே, "எம்மாடி! எம்மாடி!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வினோதினி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏறுங்க, ஏறுங்க, இருட்டப் போவுது" என்று கலையரசன் ஹாரன் அடித்தான்.

ஒருவரும் அசையவில்லை. அவன் இன்னொரு முறை அடிக்கப் போனான். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு அவனும் இறங்கி வந்து நின்றான்.